கணனியில் பறப்பதும் காற்றில் பறப்பதும்

எங்கள் வீடுகளில் அண்மைக்காலமாக ஒரு புதுக் கேள்வி எழும்பியிருக்கிறது. பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை பையை ஒரு மூலையில் போட்டுவிட்டுக் கணனிக்கு முன்னால் இருந்து விமானம் ஓட்டுகிறது. "சாப்பிட வா" என்று தாய் கூப்பிட்டால், "பொறுங்கோ அம்மா, பியர்சனில இறக்கிப்போட்டு வாறன்" என்கிறது. விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டால், அடுத்த மாதம் ஸ்ரியரிங் மாதிரியான கைபிடி ஒன்று வேண்டுமாம். அதற்கடுத்த மாதம் காலால் மிதிக்கும் பெடல் வேண்டுமாம். கடைசியில் ஒருநாள், "அப்பா, நான் பைலற்றாகப் போறன். அரைவாசி கணனியிலேயே பழகிட்டன்" என்று சொல்கிறது.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கதைக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. ஒருவர் "எல்லாம் வீண் செலவு" என்பார். இன்னொருவர் "எங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கட்டும்" என்பார். இரண்டு பேரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்து, வாடகையும் கட்டி, ஊரில் இருப்பவர்களுக்கும் அனுப்புகிற குடும்பத்துக்கு இதில் ஒரு தெளிவு தேவை. வீட்டுக் கணனியில் விமானம் ஓட்டப் பழகலாமா? அது எவ்வளவு தூரம் உண்மை? எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது? நாங்கள் விசாரித்தும் வாசித்தும் நேரில் போய்ப் பார்த்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

விமானச் சத்தமும் நாங்களும்

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வயதுக்காரர் பலருக்கு விமானச் சத்தம் என்றால் மேலே பார்ப்பதற்கு முன் பங்கர் எந்தப் பக்கம் என்றுதான் கண் தேடும். வருவது ஹெலியா பொம்பரா என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகியவர்கள் நாங்கள். அந்தச் சத்தம் இப்போது வீட்டு அறைக்குள் ஸ்பீக்கரில் கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது என்று சொன்ன தாய்மாரும் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் வீட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எங்கள் மண்ணிலும் விமானம் எப்போதும் பயமாக இருந்ததில்லை. எயர் சிலோன் தனது முதற் பயணத்தை 1947 டிசம்பரில் நடத்தியபோது, அந்த விமானம் இரத்மலானையில் எழும்பிக் காங்கேசன்துறைக்கு, அதாவது பலாலிக்கு, வந்து பிறகு சென்னைக்குப் போனது. போர்க்காலத்தில் நாங்கள் கிட்டவும் போகமுடியாதிருந்த அந்தப் பலாலி, 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் மறுபடி திறக்கப்பட்டது. ஆகவே பிள்ளையின் ஆசையை எங்கள் பழைய பயத்தை வைத்து அளக்காமல், உண்மையையும் செலவையும் வைத்து அளப்போம்.

பெட்டிக்குள் பறந்தவர்கள்

பறப்பதுபோலப் பாவனை காட்டும் கருவியைத்தான் சிமுலேற்றர் என்கிறார்கள். இது கணனி வந்த பிறகு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கணனிக்கு முந்தியது.

அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் பிங்கம்ரன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தகப்பன் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கு விமானம் ஓட்டப் பழக ஆசை. அந்தக் காலத்திலும் பறப்புப் பாடத்துக்குக் காசு அதிகம். ஆகவே அவர் 1929 இல், ஓர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை வைத்தே, சாய்ந்தும் திரும்பியும் ஆடக்கூடிய ஒரு சின்ன விமானப் பெட்டியைச் செய்தார். ஆரம்பத்தில் அதை விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்தார்கள். களியாட்ட விழாக்களில் காசுக்கு ஏற்றி இறக்கினார்கள்.

1934 இல் அமெரிக்க இராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலை கொடுக்கப்பட்டது. பனிப்புகாரிலும் இருட்டிலும் வெளியே ஒன்றும் தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாத விமானிகள் சில கிழமைகளுக்குள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இராணுவம் லிங்கின் பெட்டிகளில் ஆறை வாங்கியது.

கனடாவுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. மொன்றியலுக்குக் கலியாணவீடு என்று 401 நெடுஞ்சாலையில் போகும்போது கிங்ஸ்ரனைத் தாண்டியதும் கனனொக்வே என்ற சிறிய ஊர் வரும். அங்கே லிங்க் நிறுவனத்துக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பொதுநலவாய நாடுகளின் விமானப்படையினரைக் கனடாவில் வைத்துப் பயிற்றினார்கள். 1939 முதல் 1945 வரை 130,000 க்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்ற அந்தத் திட்டத்தில், நீலப் பெட்டி என்று அழைக்கப்பட்ட லிங்கின் கருவி பெரிய வேலை செய்தது. போர் முடிந்து 1947 இல் மொன்றியலில் தொடங்கிய சி.ஏ.ஈ. நிறுவனம், 1950களில், இன்றைய பியர்சன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மோல்ற்றனில் கட்டப்பட்ட சி.எவ். 100 போர் விமானத்துக்குச் சிமுலேற்றர் செய்து கொடுத்தது. இன்று உலகத்தின் பெரிய சிமுலேற்றர் நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே "பெட்டிக்குள் இருந்து பறக்கப் பழகலாமா?" என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. பழகலாம். எதைப் பழகலாம் என்பதுதான் மிச்சக் கேள்வி.

வீட்டுக்கு வந்த விமானம்

வீட்டுக் கணனிக்கு இது வந்தது 1970களின் முடிவில். புரூஸ் ஆர்ட்விக் என்பவர் அப்பிள் கணனிக்கு எழுதிய விளையாட்டு அது. சில கோடுகளால் வரைந்த மலையும் ஓடுபாதையும் மட்டுந்தான் திரையில் தெரியும். 1982 இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் அதைத் தனது பெயரில் வெளியிட்டது. 1995 இல் எக்ஸ்-பிளேன் என்ற போட்டி விளையாட்டு வந்தது. மைக்ரோசொவ்ற்றின் 2020 பதிப்பும், 2024 நவம்பரில் வந்த பதிப்பும் செய்மதிப் படங்களை வைத்து முழு உலகத்தையும் காட்டுகின்றன. மார்க்கம் வீதியையும் 401 ஐயும் மேலேயிருந்து பார்த்துத் தன் வீட்டுக் கூரையை இனங்காணும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்கு ரொறன்ரோவில் என்ன காற்று, எவ்வளவு முகில் என்பதுகூட அப்படியே திரையில் வரும்.

விமானத்தின் உள்பக்கமும் அச்சொட்டாக இருக்கிறது. பறப்புப் பள்ளிகளில் அதிகம் பாவிக்கும் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தை எடுத்தால், வேகமானி, உயரமானி, திசைகாட்டி, செயற்கை அடிவானம் எல்லாம் உண்மை விமானத்தில் இருக்கும் அதே இடத்தில் இருக்கும். ஏறத்தாழ 55 நொட் வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும், இறங்கும்போது 65 நொட் அளவில் வரவேண்டும் என்ற கணக்குகளும் சரியாக இருக்கும். 65 நொட் என்றால் மணிக்கு 120 கிலோமீற்றர். 401 இல் எங்களில் சிலர் ஓடும் வேகந்தான்!

எதை நன்றாகப் பழக்குகிறது?

வீட்டுச் சிமுலேற்றர் நன்றாகச் செய்யும் வேலைகள் சில உண்டு.

முதலாவது ஒழுங்கு. விமானத்தை இயக்குவதற்கு முன் எந்த ஆளியை முதலில் போடுவது, எதைச் சரிபார்ப்பது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தொழிற்சாலையில் மெசின் தொடங்கும்போது நாங்கள் செய்வதுபோலத்தான். பாதுகாப்புக் கதவு பூட்டியிருக்கிறதா, அவசர நிறுத்தி வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். இந்த ஒழுங்கை வீட்டில் நூறு தரம் செய்து பழகினால் ஒரு சதமும் செலவில்லை. வாடகை விமானத்தில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு பழகினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு ஓடும்.

இரண்டாவது கருவிகளை வாசிப்பது. இது உயிர் காக்கும் விஷயம். 1954 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவி பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை விமானத்தில் ஏற்றி, வெளியே ஒன்றும் தெரியாதபடி மறைத்து, ஓட்டச் சொன்னார்கள். ஒருவர் தப்பாமல் இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்த நேரம் 178 செக்கன், மூன்று நிமிடம்கூட இல்லை. காரணம் எங்கள் காதுக்குள் இருக்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், உட்காதில் உள்ள நீர் சிறிது நேரத்தில் அடங்கி, "நீ நேரே போகிறாய்" என்று பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பாமல் கருவியை நம்பப் பழக வேண்டும். அந்தப் பார்வைப் பழக்கத்தை வீட்டுக் கணனியிலும் வளர்க்கலாம்.

இதை அரசாங்கங்களும் ஏற்றுக்கொண்டன. 1997 இல் அமெரிக்க விமான அதிகாரசபை, அங்கீகரித்த கணனிக் கருவிகளில் செய்யும் கருவிப் பறப்புப் பயிற்சியில் 10 மணித்தியாலம் வரை கணக்கில் எடுக்கலாம் என்று அனுமதித்தது. 1990களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் தனது பயிற்சி விமானிகளுக்கு மைக்ரோசொவ்ற்றின் விளையாட்டைத் திருத்திக் கொடுத்துப் பழகவைத்தது.

மூன்றாவது வரைபடமும் வழியும். ஒசாவாவில் எழும்பிப் பீற்றர்பரோ போக எந்தத் திசை, எத்தனை நிமிடம், எந்த வாவி இடப்பக்கம் வரும் என்பதை வீட்டிலேயே ஓடிப் பார்த்துவிட்டுப் போனால், உண்மையில் போகும்போது தடுமாற்றம் குறையும்.

எதைப் பழக்காது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். திரைச் சுரைக்காயும் அப்படித்தான், ஒரு கட்டத்துக்கு மேல்.

எங்களோடு வேலை செய்யும் ஒருவரின் மகளுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடமாக வீட்டில் பறந்த பிள்ளை. பிறந்தநாளுக்கு அறிமுகப் பறப்பு ஒன்றுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து காசு போட்டோம். பள்ளிக்குப் பெயர் வேண்டாம், ரொறன்ரோவுக்கு வெளியே ஒன்று. பயிற்றுநர் பக்கத்தில் இருந்து கட்டுப்பாட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். தகப்பன் பின்னுக்கு இருந்தார். இறங்கி வந்ததும் பயிற்றுநர் சொன்னதை நாங்கள் கவனமாகக் கேட்டோம்.

"கருவி எல்லாம் தெரிந்திருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு பிள்ளையைக் காண்பது அருமை. ஆனால் வெளியே பார்க்கவே இல்லை" என்றார். நல்ல வெளிச்சத்தில் பறக்கும்போது கண் பெரும்பாலான நேரம் வெளியேதான் இருக்க வேண்டும். அடிவானத்தைப் பார்த்துத்தான் சாய்வை அறிய வேண்டும். வேறு விமானம் வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டிலோ பிள்ளைக்கு முன்னால் இருப்பது ஒரு சின்னத் திரை. பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. ஆகவே கண் தானாகவே மானிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். கணனியில் பழகி வரும் பிள்ளைகளிடம் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான் என்று அவர் சொன்னார்.

அடுத்தது கால். செஸ்னா ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது, முன்னால் சுழலும் காற்றாடியின் விளைவால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது காலால் பெடலை மிதித்து நேரே வைத்திருக்க வேண்டும். வீட்டில் பெடல் இல்லாமல் பழகிய பிள்ளையின் கால் சும்மா இருக்கும்.

அடுத்தது கையின் பாரம். உண்மை விமானத்தில் வேகம் கூடக் கூடக் காற்று அழுத்துவதால் பிடி இறுகும், வேகம் குறைந்தால் தளரும். "வேகம் விழுகிறது" என்று கைக்கு முதலில் தெரிந்துவிடும். வீட்டுப் பிடிக்குள் இருப்பது ஒரு ஸ்பிறிங். அது நின்றாலும் பறந்தாலும் ஒரே இறுக்கந்தான்.

அடுத்தது இறங்குவது. ஓடுபாதைக்குச் சில அடி உயரத்தில் மூக்கை மெல்லத் தூக்கி, விமானம் தானாகவே நிலத்தில் இருக்கும்படி விடவேண்டும். நிலம் எவ்வளவு கிட்ட என்பதை ஓரக்கண்ணும் இருக்கையில் இருக்கும் உடம்பும் சேர்ந்து சொல்லும். தட்டைத் திரையில் அந்த ஆழம் இல்லை. தலையில் மாட்டும் கண்ணாடிக் கருவிகள் வந்த பிறகு பார்வை கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது. உடம்பு அப்போதும் கதிரையில்தான் இருக்கிறது.

கடைசியாகப் பயம். திரையில் விழுந்தால் ஒரு பட்டனை அமத்தி மறுபடி தொடங்கலாம். அந்தப் பிள்ளை சொன்னது: "வீட்டில கை நடுங்கிறேல்ல அங்கிள். அங்க காத்து அடிச்சு ஒரு பக்கம் தூக்கினவுடன எல்லாம் மறந்துபோச்சு." தகப்பன் வேறொன்று சொன்னார். மேலே இருந்து வீடுகளையும் வளவுகளையும் பார்த்தபோது, கீழே நின்று மேலே பார்த்த காலம் நினைவுக்கு வந்ததாம். மகள் சிரித்ததைக் கண்டதும் மனம் ஆறிவிட்டதாம்.

புதிதாக வந்தவர்களுக்கு இதை விளங்கவைக்க ஓர் உதாரணம் போதும். ஜீ வண் எழுத்துப் பரீட்சைக்குப் புத்தகத்தைப் பாடமாக்கிச் சித்தியடையலாம். வீதி அடையாளங்கள் எல்லாம் தெரியும். ஆனால் ஜனவரி மாத விடியற்காலையில் முதல் தரம் பனிக்கட்டியில் கார் வழுக்கும்போது அந்தப் புத்தகம் எந்தப் பக்கத்தில் உதவும்? புத்தகம் பொய் சொல்லவில்லை. வழுக்குவதை அதற்குள் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

பெரிய கருவிக்கும் எல்லை உண்டு

விமானக் கம்பனிகள் பாவிக்கும் சிமுலேற்றர்கள் வேறு ரகம். விமானத்தின் முழு முன்பகுதியும் ஆறு நீரழுத்த அல்லது மின்சாரக் கால்களில் நின்று ஆடும். உண்மை விமானத்தில் அளந்தெடுத்த தரவுகளால் ஓடும். அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய வகை விமானத்துக்கு முழுவதும் சிமுலேற்றரிலேயே பழகிவிட்டு, நேரே பயணிகளோடு பறக்கத் தொடங்கவும் சட்டம் இடம்கொடுக்கிறது. ஆனாலும் எந்தச் சிமுலேற்றருக்கும் தெரிந்தது, அதற்குள் மனிதர் போட்டது மட்டுமே.

2009 பெப்ரவரி 12 ஆம் திகதி, எங்கள் எல்லைக்கு அப்பால் பவலோ நகருக்கு அருகே கியூ 400 விமானம் ஒன்று விழுந்து, நிலத்தில் இருந்த ஒருவரோடு சேர்த்து 50 பேர் இறந்தார்கள். ரொறன்ரோ டவுன்ஸ்வியூத் தொழிற்சாலையில் கட்டப்பட்ட விமான வகை அது. வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்று விமானம் எச்சரித்தது. மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்க வேண்டிய இடத்தில் விமானி பிடியை இழுத்தார் என்று விசாரணை முடிவு சொன்னது. அந்த நிலை முற்றும்வரை சிமுலேற்றரில் பழக்குவது அப்போது கட்டாயமாக இருக்கவில்லை. அந்தக் கட்டத்தில் விமானம் எப்படி ஆடும் என்ற தரவும் பல சிமுலேற்றர்களுக்குள் சரியாக இருக்கவில்லை. 2013 இல் அமெரிக்கா விதியை மாற்றி, 2019 இலிருந்து அந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. டவுன்ஸ்வியூப் பக்கம் டவ்ரின் வீதியில் இருக்கும் ரொறன்ரோப் பல்கலைக்கழக விண்வெளியியல் நிறுவனமும் ஆறு காலில் ஆடும் சிமுலேற்றர் ஒன்றை வைத்து இத்தகைய விஷயங்களை ஆராய்ந்த இடம்.

மறுபக்கத்துக்கும் ஒரு கனடாக் கதை உண்டு. 1983 யூலை 23 ஆம் திகதி எயர் கனடாவின் 143 ஆம் இலக்க விமானம் 69 பேரோடு எட்மன்ரன் நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. நிறுவனம் கிலோக் கணக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். 22,300 கிலோ எரிபொருள் வேண்டிய இடத்தில் 22,300 இறாத்தல்தான் இருந்தது. பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் பிரச்சினை தொடங்கி, இரண்டு எஞ்சினும் நின்றன. தலைமை விமானி பொப் பியர்சன் எஞ்சினில்லாக் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிளைடரில் செய்வதுபோல விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைத்து, மனிற்றோபாவில் கிம்லி என்ற இடத்தின் பழைய ஓடுபாதையில் இறக்கினார். ஒருவரும் சாகவில்லை. பிறகு அதே நிலைமையைச் சிமுலேற்றரில் கொடுத்துப் பார்த்தபோது மற்ற விமானிகள் விழுத்தினார்கள். பியர்சனைக் காப்பாற்றியது எஞ்சினில்லாமல் காற்றில் பழகிய கை.

சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவில் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுக்கக் குறைந்தது 45 மணித்தியாலப் பறப்புப் பயிற்சி வேண்டும். அதில் பயிற்றுநரோடு 17 மணித்தியாலம், தனியே 12 மணித்தியாலம் ஆகக் குறைந்தது இருக்க வேண்டும். 45 இல் 5 மணித்தியாலம் வரைதான் சிமுலேற்றரில் செய்யலாம். அதுவும் போக்குவரத்து அமைச்சு அங்கீகரித்த கருவியாக இருக்க வேண்டும். வீட்டுக் கணனியில் ஆயிரம் மணித்தியாலம் பறந்தாலும் ஒரு நிமிடமும் கணக்கில் வராது. "அரைவாசி பழகிட்டன்" என்று சொல்லும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை அன்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.

இதோடு 40 மணித்தியால வகுப்பும், 100 கேள்விகள் கொண்ட எழுத்துப் பரீட்சையும் உண்டு. பரீட்சைக்கு 60 வீதம் எடுக்க வேண்டும். 14 வயதில் பயிலுநர் அனுமதி எடுக்கலாம். முழு அனுமதிப்பத்திரத்துக்கு 17 வயது வேண்டும். றேடியோவில் பேச ஒரு சான்றிதழும், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் தேர்ச்சிப் பரீட்சையும் உண்டு. சம்பளத்துக்கு ஓட்டும் அனுமதிப்பத்திரம் என்றால் மொத்தம் 200 மணித்தியாலம்.

செலவைப் பொறுத்தவரை, தனியார் அனுமதிப்பத்திரத்துக்கே இருபதாயிரம் டொலரளவில் போய்விடும் என்று எண்ணிக்கொண்டு இறங்குவது நல்லது. 45 மணித்தியாலத்தில் முடிப்பவர்கள் குறைவு. வீட்டில் ஒழுங்காகப் பழகிய பிள்ளை ஆளிகளையும் பட்டியலையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே பறப்பைப் பழகும். அங்கேதான் வீட்டுச் சிமுலேற்றர் குடும்பத்தின் காசைக் காப்பாற்றுகிறது.

காசில்லாதவர்களுக்கு வழி இல்லையா?

இருக்கிறது. இதைத்தான் புதிதாக வந்த குடும்பங்கள் முக்கியமாக அறிய வேண்டும்.

எயர் கடெற் என்ற இளைஞர் அமைப்பு கனடா முழுவதும் இருக்கிறது. 12 முதல் 18 வயது வரையான ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் சேரலாம். சேரக் கட்டணம் இல்லை. குடியுரிமை எடுத்திருக்க வேண்டியதில்லை. சட்டப்படி இங்கு வசிப்பவராக இருந்தால் போதும். உங்கள் பத்திர நிலையைச் சொல்லி அருகிலுள்ள பிரிவில் கேட்டுப் பாருங்கள். போட்டியில் தெரிவாகும் பிள்ளைகளுக்கு 16 வயதில் கிளைடர் பயிற்சியும் 17 வயதில் எஞ்சின் விமானப் பயிற்சியும் புலமைப்பரிசிலாகக் கிடைக்கும். கிம்லியில் 69 உயிரைக் காப்பாற்றியது கிளைடர் பழக்கம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சீருடையைக் கண்டு தயங்கும் பெற்றோர் எங்களிடையே உண்டு, அதன் காரணமும் எங்களுக்கு விளங்கும். இது பள்ளிப் பிள்ளைகளுக்கான அமைப்பு. இதில் சேருவதால் படையில் சேரும் கடமை எதுவும் வராது.

சொந்த விமானம் வைத்திருப்பவர்களின் கனடாச் சங்கமான கோப்பா, 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை இலவசமாக ஒருமுறை பறக்கக் கூட்டிச்செல்லும் நாட்களை நடத்துகிறது. மார்க்கத்தில் 404 ஓரமாக இருந்த பட்டன்வில் விமான நிலையம் 2023 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. வேலிக்கு வெளியே நின்று சின்ன விமானங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட எங்கள் ஆட்களுக்கு வசதியாயிருந்த இடம். இப்போது ஒசாவாவுக்கோ பிரம்ரன் கலிடன் பக்கமோ போகவேண்டும். விமானம் ஓட்டுவதைப் பட்டப்படிப்பாகச் செய்ய விரும்பினால் செனெக்கா கல்லூரி பீற்றர்பரோவில் பழக்குகிறது.

பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இதுதான்:

1. பெரிய செலவுக்கு முன் மருத்துவப் பரிசோதனை. தொழிலாகச் செய்யப்போகிற பிள்ளைக்கு முதலாந்தர மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கண்ணும் நிறப்பார்வையும் பார்ப்பார்கள். இருபதாயிரம் செலவழித்த பிறகு தெரியவருவதைவிட முதலே தெரிந்துகொள்வது மேல்.

2. விலைகூடிய திரைக்கு முன் பெடலை வாங்குங்கள். பாவித்த சாமானே போதும்.

3. ஒரே ஒரு விமானத்தை, செஸ்னா 172 ஐ, பழகச் சொல்லுங்கள். பெரிய ஜெற் எல்லாம் பிறகு.

4. மானிகளைக் கடதாசியால் மறைத்துவிட்டு, வெளியே பார்த்து ஓடச் சொல்லுங்கள். விழுந்தால் உடனே மறுபடி தொடங்காமல், ஏன் விழுந்தது என்று கொப்பியில் எழுதட்டும்.

5. றேடியோவில் சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். எங்கள் உச்சரிப்பு தடையில்லை. தெளிவாகவும் நிதானமாகவும் சொன்னால் கோபுரத்தில் இருப்பவருக்கு விளங்கும்.

6. ஒருமுறையாவது உண்மைக் காற்றில் ஏற்றிவிடுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் பிள்ளைக்கு ஆசை கூடுமா குறையுமா என்று தெரிந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் காசு வீணில்லை.

கணிதமும் பௌதிகமும் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிலோவையும் இறாத்தலையும் மாற்றிக் கணக்கிட்டதால் ஒரு பெரிய விமானமே நடுவானில் எரிபொருளின்றி நின்றது. ஆகவே இன்று இரவு பிள்ளை பியர்சனில் இறக்கி முடிந்ததும், கணக்குக் கொப்பியையும் ஒருக்கால் எடுக்கச் சொல்லுங்கள்.